தனியாக பேஸ் கிட்டார் வாசிக்க எப்படிப்பட்ட இசையைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கீழ்த்தந்தி

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக இசைக்குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். எப்போதும் டிரம்ஸ் வாசிப்பவருக்கு அருகில் நின்று, பாடகருக்கும் மற்றவர்களுக்கும் கீழே தளம் போட்டுக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. அதில் எனக்குக் குறையும் இல்லை. இப்போது முதல் முறையாக, உடன் எவரும் இல்லாமல் நான் மட்டும் இருபது நிமிடம் வாசிக்க ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மூன்று மாத அவகாசம் உள்ளது. எதை வாசிப்பது என்பதுதான் தெரியவில்லை.

ஒத்திகையாகச் சில நண்பர்களை உட்கார வைத்து, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாடலின் பேஸ் லைனை (பாட்டுக்குக் கீழே பேஸ் வாசிக்கும் வரியை) முழுமையாக வாசித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் ஆவதற்குள், பாட்டு இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று அவர்கள் காத்திருப்பது முகத்திலேயே தெரிந்தது. அது என்னை மிகவும் வருத்தியது. பிறகு, கிட்டாரில் வாசிப்பதைப் போல மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து கார்ட்களாக வாசித்துப் பார்த்தேன்; எல்லாம் ஒன்றோடொன்று கலங்கி, எந்த கார்ட் என்றே புரியாத ஒரு முழக்கமாக வந்தது.

என்னிடம் இருப்பது 21 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே ஸ்வரங்களைப் பிரிக்கும் கம்பி) உள்ள நான்கு தந்தி பேஸ்; தாழ்ந்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்த்தது. ஸ்லாப் (தந்தியைப் பெருவிரலால் அடித்து வாசிப்பது), டேப்பிங் (கழுத்தின் மேல் தந்தியை விரலால் தட்டி வாசிப்பது) இரண்டிலும் எனக்கு அடிப்படைப் பயிற்சி மட்டுமே உண்டு. அவற்றை நம்பி மேடையேற விரும்பவில்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய செல்லோ தொகுப்புகளைப் பலரும் பேஸில் வாசிக்கிறார்களே, அது எனக்கு ஒத்துவருமா? லூப்பர் பெடல் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவி) வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா? தனியாக வாசித்து அனுபவம் உள்ளவர்கள், பாடல்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்கிறீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: கார்வை

வணக்கம் நண்பரே. உங்கள் நண்பர்கள் காத்திருந்ததற்குக் காரணம் உங்கள் வாசிப்பு அன்று. பெரும்பாலான பாடல்களில் மெட்டு மூச்சு விடும் இடத்தில் பேஸ் அசைகிறது. மெட்டு அசையும் இடத்தில் பேஸ் நிற்கிறது. மெட்டை எடுத்துவிட்டு பேஸ் லைனை மட்டும் வாசித்தால், அது நிற்கும் இடங்களெல்லாம் காரணமில்லாமல் நிற்பவையாகவே கேட்பவருக்குப் படும். ஆகவே தேடலை பேஸ் லைனிலிருந்து தொடங்காமல் மெட்டிலிருந்து தொடங்குங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

ஒரு பாடலை எடுத்துக்கொள்வதற்கு முன் நான் செய்யும் சோதனை எளிமையானது. சொற்களை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு அதன் மெட்டை மட்டும் முனகிப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவருக்கு அது எந்தப் பாடல் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பாடல் பேஸில் நிற்கும். நாம் நேசிக்கும் எத்தனையோ பாடல்களில் மெட்டு ஒரே ஸ்வரத்தில் பல அசைகளுக்கு நின்றுவிடும். அங்கே பாட்டைத் தூக்கிச் செல்பவை சொற்களே. சொல் இல்லாத வாத்தியத்தில் அது ஒரே தந்தியைத் திரும்பத் திரும்ப மீட்டுவதாக முடிந்துவிடும். எனக்கு மிகவும் நெருக்கமான இரண்டு பாடல்களை இந்தக் காரணத்தால் கைவிட வேண்டியிருந்தது.

அடுத்து மெட்டின் வீச்சு. 21 ஃப்ரெட் உள்ள உங்கள் பேஸில் மொத்தம் மூன்று ஸ்தாயி இருக்கிறது என்றாலும், கீழே கார்ட்டின் ஆதார ஸ்வரத்தையும் ஒலிக்க விட்டு மேலே மெட்டையும் வாசிக்க வேண்டுமென்றால், டி, ஜி ஆகிய இரண்டு தந்திகள் மட்டுமே மெட்டுக்குக் கிடைக்கும். ஒன்றரை ஸ்தாயிக்கு மேல் அலையும் மெட்டு என்றால் கை கழுத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அந்தத் தாவலில் கீழ் ஸ்வரம் அறுந்துபோகும். ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் மெட்டுகளைத் தேடுங்கள். தாலாட்டுகளும், பலர் சேர்ந்து பாடுவதற்கென்று உருவான பழம்பாடல்களும் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் இருக்கும், ஏனென்றால் பயிற்சி பெறாத குரல்களுக்கும் அவை எட்ட வேண்டும்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது: சுருதி. பாடல் எந்த ஸ்கேலில் பதிவாகியிருக்கிறதோ அதிலேயே வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் தனி வாசிப்பில் இல்லை. ஏ மேஜருக்கு மாற்றிப் பாருங்கள். அந்த ஸ்கேலின் மூன்று முதன்மை கார்ட்களான ஏ, டி, ஈ ஆகியவற்றின் ஆதார ஸ்வரங்கள் மூன்றும் உங்கள் பேஸில் திறந்த தந்திகளாக இருக்கின்றன. ஆதார ஸ்வரத்துக்கு இடது கை விரல் எதுவும் தேவைப்படாததால், நான்கு விரல்களும் மெட்டுக்குக் கிடைக்கின்றன. ஈ ஸ்கேலில் இந்த வசதி மூன்றில் இரண்டு பங்கு உண்டு; பி மட்டும் விரல் வைத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஜி ஸ்கேலில் வசதி மிகக் குறைவு, ஏனென்றால் திறந்த ஜி என்பது மெட்டு வாசிக்க வேண்டிய மேல் தந்தி. டி ஸ்கேல் வேண்டுமென்றால் ஈ தந்தியை ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி டி-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், 36.7 ஹெர்ட்ஸில் அந்தத் திறந்த தந்தி தரும் ஆழம், ஒரு மெதுவான பாடலுக்கு வேறு எதனாலும் தர முடியாத ஒரு நிதானத்தைத் தரும்.

நீங்கள் சொன்ன கலங்கலுக்கு வருகிறேன். திறந்த ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதன் மேஜர் மூன்றாம் ஸ்வரமான ஜி ஷார்ப் 51.9 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 11 ஹெர்ட்ஸ்கூட இல்லை. அவ்வளவு நெருங்கிய தாழ்ந்த ஒலிகளைக் காது தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை, ஒரு துடிப்பாகவும் கரகரப்பாகவும்தான் கேட்கிறது. அதே ஜி ஷார்ப்பை ஒரு ஸ்தாயி உயர்த்தி 103.8 ஹெர்ட்ஸில் வாசித்தால், கார்ட்டின் பெயர் மாறவில்லை, ஆனால் இரண்டு ஸ்வரங்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். இதைப் பத்தாம் ஸ்வர இடைவெளி என்பார்கள். கைக்கு இது மிக எளிது: ஈ தந்தியில் எந்த ஃப்ரெட்டில் ஆதார ஸ்வரம் இருக்கிறதோ, ஜி தந்தியில் அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் மேஜர் பத்தாம் ஸ்வரம் கிடைக்கும், அதே ஃப்ரெட்டில் மைனர் கிடைக்கும். ஈ தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஜி, ஜி தந்தியின் 4ஆம் ஃப்ரெட்டில் பி. இடையில் உள்ள இரண்டு தந்திகளையும் ஒலிக்க விடாதீர்கள். பெருவிரலால் கீழ் தந்தியையும் சுட்டுவிரலால் மேல் தந்தியையும் ஒரே நேரத்தில் கிள்ளி வாசித்தால், மூன்றாவது ஸ்வரம் இல்லாமலேயே அது என்ன கார்ட் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. மெதுவான பாடல்கள் பேஸுக்கு ஏற்றவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஜி தந்தியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் போகப் போக ஒலி விரைவாக அடங்கிவிடுகிறது. பாடகர் நான்கு எண்ணிக்கைக்கு நீட்டும் கார்வையை அந்த இடத்தில் பேஸ் தாங்காது. அந்த இடங்களில் கீழே ஒரு நடையைக் கொடுத்து நிரப்பலாம், அல்லது அங்கே மெளனத்தையே விடலாம். இரண்டுக்கும் இடம் தரும் பாடலாகப் பார்த்து எடுங்கள்.

மறுமொழி: ஆறாவது தொகுப்பு

பாக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருடைய படைப்புப் பட்டியலில் 1007 முதல் 1012 வரை எண்ணிடப்பட்ட ஆறு செல்லோ தொகுப்புகளையும் பேஸில் முயன்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவை உங்களுக்கு ஒத்துவரும், ஆனால் எல்லாம் அல்ல.

இவை தனி வாசிப்புக்குப் பொருந்துவதற்கு அடிப்படைக் காரணம், துணை வாத்தியம் இல்லாமல் ஒலிப்பதற்கென்றே எழுதப்பட்டவை என்பது. ஒற்றை மெட்டாகவே ஓடினாலும், கீழே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறி, மீண்டும் கீழே வந்து தொடும்போது, இரண்டு குரல்கள் பேசுவதாகக் காது தானே அமைத்துக்கொள்கிறது. நீங்கள் கார்ட் பிடிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

முதல் தொகுப்பின் முன்னிசை ஜி மேஜரில் உள்ளது. செல்லோ ஒலிக்கும் அதே சுருதியில் வாசிக்க முயன்றால், அதன் இறுதியில் வரும் உச்ச ஸ்வரமான ஜி, ஜி தந்தியின் 24ஆம் ஃப்ரெட்டில் இருக்கிறது. உங்கள் பேஸில் அந்த ஃப்ரெட் இல்லை. ஒரு ஸ்தாயி இறக்கிக்கொண்டால் அது 12ஆம் ஃப்ரெட்டுக்கு வந்துவிடும். தொடக்கத்தில் வரும் ஜி, டி, பி மூன்றும் ஈ தந்தி 3ஆம் ஃப்ரெட், ஏ தந்தி 5ஆம் ஃப்ரெட், ஜி தந்தி 4ஆம் ஃப்ரெட் என்று ஒரே கைப்பிடிக்குள் அடங்கும். கேட்க இதமாக இருப்பதும் இந்த அமைப்பில்தான்.

இறக்கியதற்கு ஒரு விலை உண்டு. செல்லோவின் தாழ்ந்த தந்தி சி. அதை ஒரு ஸ்தாயி இறக்கினால், நான்கு தந்தி பேஸின் ஈ-க்கும் நான்கு அரை ஸ்வரம் கீழே போய்விடுகிறது. 30.9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பி தந்தி உள்ள ஐந்து தந்தி பேஸில் இந்தச் சிக்கல் இல்லை. உங்களிடம் உள்ள வாத்தியத்தில், அப்படி எட்டாத ஸ்வரங்களை மட்டும் மூல ஸ்தாயியிலேயே வாசிக்க வேண்டியிருக்கும். ஸ்வரத்தை மட்டும் பெயர்த்து வைக்காமல், அதைச் சுற்றியுள்ள சொற்றொடர் முழுவதையும் சேர்த்து உயர்த்தினால் மெட்டின் வளைவு உடையாது. செல்லோவின் தந்திகள் ஐந்தாம் ஸ்வர இடைவெளியிலும் பேஸின் தந்திகள் நான்காம் ஸ்வர இடைவெளியிலும் சுருதி சேர்க்கப்படுவதால், செல்லோவுக்கான விரல் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதில் பயனில்லை. உங்கள் விரலமைப்பை நீங்களே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது தொகுப்பு செல்லோவின் மேல் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கி வாசிப்பதற்கென எழுதப்பட்டது. ஆறாவது, ஐந்து தந்தி உள்ள வாத்தியத்துக்கானது. மூன்று மாதத்தில் இந்த இரண்டையும் தொட வேண்டாம். முதல் தொகுப்பில் உள்ள மினுவெட்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. முன்னிசையைக் கேட்பவர்களில் பலர் செல்லோவில் அதைப் பலமுறை கேட்டிருப்பார்கள்; வில்லால் இழுத்த ஒலியோடு உங்கள் ஒலியை ஒப்பிடுவார்கள். நடன இசையான மினுவெட்டில் தந்தியை மீட்டும் ஒலிக்கு இயல்பாகவே இடம் இருக்கிறது.

மறுமொழி: மூன்றாம் எண்ணிக்கை

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. பேஸ் லைனை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இருபது நிமிடமும் மெட்டும் கார்வையுமாகப் போனால், பதினோரு ஆண்டுகளாக உங்கள் கையில் ஊறிய தாளக்கட்டு எங்கேயும் வெளிப்படாது. அதைக் கேட்கத்தான் நான் வருவேன். பாடலின் பேஸ் லைனே பாடலின் முகமாக இருக்கும் சில பாடல்கள் உண்டு. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே, முதல் இரண்டு அளவில் (தாளச் சுற்றில்) எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அப்படிப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்து, அந்த வரியை நான்கு முறை வாசித்துவிட்டு, அதன் மேல் உங்கள் சொந்தக் கற்பனையைத் தொடுங்கள். மெட்டை வாசிக்கவே வேண்டாம். மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

லூப்பர் பெடல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வேகத்தில், அளவுக்கு நான்கு எண்ணிக்கையாக நான்கு அளவு கொண்ட ஒரு லூப் பதிவாக 12 விநாடி ஆகும். மூன்று அடுக்குகளைப் போட்டால் 36 விநாடி. அதுவரை மெட்டு தொடங்குவதில்லை. ஒரு பாடலில் அது ஆர்வத்தைத் தூண்டும். நான்கு பாடல்களிலும் அதுவே திரும்பினால், உங்கள் நண்பர்களின் முகத்தில் நீங்கள் கண்ட அதே காத்திருப்பு திரும்ப வந்துவிடும். அதோடு, லூப் ஓடத் தொடங்கிய பிறகு வேகத்தை உங்களால் தளர்த்த முடியாது. வரியின் முடிவில் சற்றே நின்று, கேட்பவரோடு சேர்ந்து மூச்சு விட்டு, பிறகு அடுத்த வரிக்குப் போகும் சுதந்திரம் தனியாக வாசிப்பவருக்கு மட்டும்தான் உண்டு; அதை முதல் மேடையிலேயே ஒரு பெட்டியிடம் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் 1996இல் வெளியிட்ட தனி பேஸ் தொகுப்பை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அதில் அவர் அடுக்குப் பதிவு செய்யாமல், ஒற்றை பேஸை வைத்தே அத்தனையும் வாசித்தார். அவருடைய கைத்திறனை எட்டுவதற்காக அதைக் கேட்கச் சொல்லவில்லை. ஒரு பேஸ் எவ்வளவு இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது, எவ்வளவு இடத்தைக் காலியாக விட்டாலும் இசை நிற்கிறது என்பதை அறிய அதைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: கீழ்த்தந்தி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரமாக வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஏ ஸ்கேலுக்கு மாற்றியதும் ஒரு தாலாட்டு முதல் நாளிலேயே கையில் அமர்ந்துவிட்டது. பத்தாம் ஸ்வரங்களை முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டபோது, இத்தனை ஆண்டுகள் கையில் வைத்திருந்த வாத்தியத்தில் இது இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று மனம் நெகிழ்ந்தது. முதல் தொகுப்பின் மினுவெட் பாதி வரை வந்திருக்கிறது. பேஸ் லைனே முகமாக உள்ள ஒரு பாடலையும் எடுத்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள். திறந்த ஏ தந்தியை மீட்டிவிட்டு டி கார்டுக்கு மாறும்போது, ஏ அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அடுத்து, நிகழ்ச்சியின் நடுவில் ஒலியின் நிறம் முற்றிலும் மாறும்படி, ஹார்மோனிக்ஸ் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஸ்வரங்கள்) மட்டுமே கொண்ட ஒரு சிறிய துண்டை வாசிக்க விரும்புகிறேன். அதற்கு எதை எடுப்பது?

மறுமொழி: கார்வை

மூன்று வாரத்தில் இவ்வளவு தூரம் வந்தது மகிழ்ச்சி அளிக்கிறது. முதல் ஐயத்துக்கு விடை மீட்டும் கையில் இருக்கிறது. குழுவில் வாசிக்கும்போது பெருவிரலைப் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை வாங்கும் மின்கருவியின்) மேல் ஊன்றி வைப்பது வழக்கம். தனி வாசிப்பில் அதை ஓரிடத்தில் ஊன்றாமல் விடுங்கள். திறந்த டி-யைச் சுட்டுவிரலால் மீட்டும்போது, மீட்டியதும் அது மேல்நோக்கி எழாமல் கீழே உள்ள ஏ தந்தியின் மேலேயே வந்து படியும்படி பழக்கிக்கொண்டால், புதிய ஸ்வரம் பிறக்கும் கணத்திலேயே பழையது அடங்கிவிடும். டி-யிலிருந்து ஏ-க்குத் திரும்பும்போது இந்த வழி உதவாது. அங்கே டி தந்தியை இடது கையின் ஓய்வாக உள்ள விரலால் மெல்லத் தொட்டு அடக்க வேண்டும். இந்த இரண்டு மாற்றங்களை மட்டும் மெட்டே இல்லாமல், மிக மெதுவாக, நாள்தோறும் பத்து நிமிடம் செய்யுங்கள்.

ஹார்மோனிக்ஸ் துண்டைப் பொறுத்தவரை, ஏற்கெனவே உள்ள பாடலைத் தேடாமல் நீங்களே அமைப்பது நல்லது. பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸ் 1976இல் வெளியிட்ட தம் பெயரிலான தொகுப்பில் "போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி" என்ற படைப்பை ஹார்மோனிக்ஸ்களை அடிப்படையாகக் கொண்டே அமைத்தார். வேறு வாத்தியத்துக்கு எழுதிய மெட்டை அவர் பேஸின் மேல் ஏற்றவில்லை. தந்தியில் இயல்பாகக் கிடைக்கும் ஸ்வரங்களிலிருந்து மெட்டை எடுத்தார். அந்த வழியை நீங்களும் பின்பற்றலாம். 12ஆம் ஃப்ரெட்டின் கம்பிக்கு நேர் மேலே தொட்டால் ஒரு ஸ்தாயி மேலே அதே ஸ்வரம். 7இல் அதற்கும் மேலே ஐந்தாம் ஸ்வரம். 5இல் இரண்டு ஸ்தாயி மேலே. 4ஆம் கம்பிக்குச் சற்று முன்னால் மேஜர் மூன்றாம் ஸ்வரம். ஜி தந்தியில் இவை ஜி, டி, ஜி, பி. டி தந்தியில் டி, ஏ, டி, எஃப் ஷார்ப். இந்த இரண்டு தந்திகளிலேயே ஜி, ஏ, பி, டி, எஃப் ஷார்ப் என்ற ஐந்து ஸ்வரங்கள் கிடைத்துவிடுகின்றன. கீழே திறந்த ஈ தந்தியை எட்டு எண்ணிக்கைக்கு ஒரு முறை ஒலிக்க விட்டு, மேலே இந்த ஐந்தையும் வைத்து ஒரு மெட்டை நீங்களே தேடுங்கள். ஒன்றரை நிமிடம் போதும்.

வரிசையைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். தாலாட்டை முதலில் வையுங்கள். அது உங்கள் கையை நிதானப்படுத்தும், கேட்பவரின் காதையும் அந்தத் தாழ்ந்த ஒலிக்குப் பழக்கும். மினுவெட் இரண்டாவது. ஹார்மோனிக்ஸ் துண்டை அதற்கு அடுத்து வைத்து, அது அடங்குவதற்குள் பேஸ் லைன் பாடலைத் தொடங்கினால், ஈ தந்தி மறுபடி முழு பலத்தோடு வரும்போது அதன் ஆழத்தை எல்லோரும் உணர்வார்கள். நான்கும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம்தான் வரும் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு பாடல்கள் தேவைப்படும். இரண்டையும் மைனர் ஸ்கேலில் தேடுங்கள், இப்போது உங்கள் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் மேஜர். அவற்றில் ஒன்றைக் கட்டாயம் கடைசியில் வையுங்கள்.

ஹார்மோனிக்ஸ் தெளிவாக ஒலிக்கப் புதிய, வட்டச் சுற்று (ரவுண்ட்வுண்ட்) தந்திகள் நல்லவை. மாற்றுவதாக இருந்தால் நிகழ்ச்சிக்கு மூன்று நாட்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். புதுத் தந்தி சுருதியில் நிலைகொள்ள அவ்வளவு அவகாசம் வேண்டும், திறந்த தந்திகளை நம்பி அமைத்த உங்கள் தாலாட்டில் சுருதி இறங்கினால் விரலால் சரிசெய்ய வழியில்லை.